நடக்காத ஆபரேஷன்

சேகருக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. 'அன்புள்ள' என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இப்போது பெயரை மட்டும் எழுதி ஆரம்பிக்கிறேன். அன்பு இருக்கிறது, ஆனால் இந்த வாரம் அதை எழுதக் கை வரவில்லை. நீ வழக்கம்போல இங்கிலீஷில் எழுதியிருந்தாய். நான் தமிழில்தான் எழுதுவேன். டெல்லியில் பிறந்து வளர்ந்த உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும், எனக்குத் தெரியும். மெதுவாகப் படி. அவசரமாகப் படித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற கடிதம் இல்லை இது.

நீ கேட்டதை முதலில் நானே ஒருமுறை எழுதிவிடுகிறேன், பிறகு நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நீ சொல்லக்கூடாது பார். பம்பாயில் சிநேகிதனோடு சேர்ந்து வீடியோ கேசட் கடை வைத்தாய். அதற்கு ஃபைனான்ஸ் கம்பெனியில் பன்னிரண்டாயிரம் கடன் வாங்கினாய். சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் ஜாமீன் போட வேண்டும் என்றார்கள். இங்கே டெல்லியில் வேலை பார்க்கும் உன் மச்சினன் கணேசனிடம் ஸ்கூட்டருக்கு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாய். கடை எட்டு மாதத்தில் மூடியாயிற்று, தவணையும் நின்றது. நோட்டீஸ் கணேசனின் ஆபீசுக்குப் போய், அவன் மேலதிகாரி முன்னால் பிரித்துப் படிக்கப்பட்டது. உன் பெண்டாட்டி விஜயா ஒரு பெட்டியோடு ரயிலேறிக் கரோல் பாக்கில் அவள் அப்பா வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். இப்போது நான் அவளுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தப் பணம் எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் செய்யத்தான் வாங்கியது, வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டோம் என்று எழுத வேண்டும். 'நீ சொன்னால் அவள் நம்புவாள் அம்மா, உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கிறது' என்று எழுதியிருக்கிறாய்.

மதிப்பு இருக்கிறது, உண்மைதான். அதை நான் எங்கிருந்து கொண்டுவந்தேன், என்ன விலை கொடுத்தேன், அந்த விலையை யார் தலையில் கட்டினேன் என்பது உனக்குத் தெரியாது. தெரியாமல் வளர்த்தது என் தப்பு.

எமர்ஜென்சி வருவதற்கு முந்தைய வருஷம், கோடை லீவு. உனக்குப் பன்னிரண்டு வயது. சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்துக்குப் பின்னால், சமையல்காரர் அறையில் பன்னிரண்டு நாள் தங்கினோமே, நினைவிருக்கிறதா? சமையல்காரர் உன் அப்பாவின் ஊர்க்காரர். தினமும் மிச்சமான பூரியும் குருமாவும் கொண்டுவருவார். உன் கல்யாணத்தில்கூட விஜயாவிடம், சின்ன வயதில் நான் கழித்த நல்ல லீவு அதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். அது லீவு இல்லை. நாம் அங்கே ஒளிந்திருந்தோம்.

சொந்த ஊருக்குக் குடும்பத்தோடு போய்வர சர்க்கார் ரயில் கட்டணம் கொடுக்கும். எல்.டி.சி. என்பார்கள். முன்பணமாகவும் வாங்கலாம். வாங்கிவிட்டு ஊருக்குப் போகாமல், எங்கிருந்தோ டிக்கெட் நம்பரை எழுதிக் கணக்குக் காட்டுகிறவர்கள் அப்போது உண்டு. நம் பிளாக்கில் இரண்டு வீட்டில் அப்படித்தான் ஃபேனும் பிரஷர் குக்கரும் வந்தன. எனக்குக் கண்ணாடி வைத்த இரும்பு பீரோ வேண்டும் என்று ஆசை. உன் அப்பாவுக்கு அந்தத் தைரியம் கிடையாது. நான்தான் அரித்தெடுத்தேன். "ஊர்ல இல்லாத அரிச்சந்திரன் நீங்க மட்டுந்தான். எல்லாரும் எடுக்காவ, நமக்கு மட்டும் என்ன கேடு?" என்று கேட்டேன். மூன்று மாதம் கேட்டேன். எழுநூறு ரூபாய் முன்பணம் வந்தது, பீரோவும் வந்தது. ஆனால் காலனி முழுக்க ஆபீஸ் ஆட்கள். ஊருக்குப் போனதாகச் சொன்னவர்கள் வீட்டில் விளக்கு எரிந்தால் மறுநாளே பைல் நகரும். அதனால்தான் பெட்டி படுக்கையோடு டாக்சியில் ஏறி ஸ்டேஷன் பக்கம் போய், அங்கிருந்து வேறு ஆட்டோ பிடித்துச் சாணக்யபுரி போனோம். ஜூன் மாதம், தகரக் கூரை. உன்னை வெளியே விளையாட விடவில்லை.

திரும்பி வரும்போது வெறுங்கையோடு வர முடியுமா? ஊரிலிருந்து வந்தால் நாலு வீட்டுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் இறங்கி ஓலைக் கொட்டானில் கருப்பட்டி வாங்கி, கடைக்காரர் சுற்றிக்கொடுத்த காகிதத்தை எறிந்துவிட்டு, நம் பழைய துணியில் முடிந்துகொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். எதிர்வீட்டுக் கோமதிக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் நம் திருநெல்வேலிப் பக்கம்தான். மோந்து பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். "இது நம்மூர்க் கருப்பட்டி மாதிரி இல்லையே" என்றாள். பிறகு, "சரி, இருக்கட்டும்ட்டி" என்று உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். அவ்வளவுதான். அவள் வாயிலிருந்து அது யாருக்கும் போகவில்லை.

ஆனால் ஆடிட்டுக்காரர்கள் மோந்து பார்ப்பதில்லை, ரயில்வேக்கு எழுதிக் கேட்கிறார்கள். அந்த நம்பரில் அன்றைக்கு டிக்கெட்டே விற்கவில்லை என்று பதில் வந்துவிட்டது. பணத்தை உடனே மொத்தமாகக் கட்டிவிட்டால் மேலே போகாமல் முடித்துவிடலாம் என்று யாரோ உன் அப்பாவிடம் சொன்னார்கள். அப்போது பார்வதி மாமி நடத்திய சீட்டில் நான் இருந்தேன். இருபது பெண்கள், ஆளுக்கு மாதம் ஐம்பது ரூபாய். மாதம் ஒரு பெயரைக் குலுக்கி எடுத்து ஆயிரம் ரூபாயை அவளிடம் கொடுப்பார்கள். அந்த மாதம் விழுந்தது கோமதியின் பெயர். நான் போய்க் கேட்டேன். என்ன, ஏது என்று அவள் கேட்கவில்லை. "எனக்கு விழுந்ததை இவளுக்குக் கொடுத்திருங்க மாமி, இவ கட்டாட்டி நான் இருக்கேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள்.

பணம் கட்டியாயிற்று. கட்டியும் சஸ்பென்ஷன் வந்தது. எட்டு மாதம் பாதிச் சம்பளம். முதல் மாதச் சீட்டுப் பணம் எப்படியோ கொடுத்தேன், அதற்குப் பிறகு ஏழு மாதம் கொடுக்கவில்லை. பார்வதி மாமி வந்து கதவைத் தட்டும்போதெல்லாம் உன்னைத்தான் அனுப்பினேன். 'அம்மா வீட்டில் இல்லை' என்று நீ தடுமாறாமல் சொல்வாய். உனக்குச் சுத்தமாக வந்த தமிழ் வாக்கியம் அது ஒன்றுதான். நான் சமையலறையில் கதவுக்குப் பின்னால் நின்று, பிள்ளை கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று உன் கடிதத்தைப் படித்தபோது அந்த நினைப்புத்தான் என்னைச் சுட்டது.

பெயர் கெட்டுப்போவது காய்ச்சல் பரவுவது மாதிரி. சீட்டில் ஆரம்பித்தது மளிகைக் கடைக்கு வந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நமக்குப் பற்று வைத்திருந்த கடைக்காரர், கடை நிறைய ஆள் இருக்கும்போது, "பழசக் கட்டிட்டுப் புதுசு கேளுங்கம்மா" என்றார். உளுந்தைப் பையிலிருந்து திரும்பக் கொட்டினார். காய் விற்கிறவன்கூட, வண்டியைப் பிடித்துக்கொண்டே, "பெஹலே பைசா, பெஹன்ஜி" என்று முதலில் காசு கேட்டான். நவராத்திரிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் போக முகம் இல்லை. எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது, என் மேல் மட்டும் வரவில்லை.

கோபத்தை எங்கே கொட்டினேன் என்பது உனக்குத் தெரியும், நீதான் நடுவில் நின்றாய். உன் அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். "உங்க அப்பாட்ட சொல்லு, எண்ணெய் தீந்துட்டுன்னு" என்பேன். அவரும், "உங்க அம்மாட்ட சொல்லு, நாளைக்கு வாங்குதேன்னு" என்பார். இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்போம். ஸ்கூலில் எந்தப் பையனோ சொன்னான் என்று நீ வந்து, "அம்மா, அப்பா திருடனா?" என்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அத அவருட்டயே கேளு" என்றேன். நீ கேட்கவில்லை. அதற்குப் பிறகு ரிப்போர்ட் கார்டில் அவரிடம் கையெழுத்து வாங்குவதை விட்டுவிட்டு என்னிடம் கொண்டுவந்தாய். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அந்த மனிதர் விசாரணையில்கூட என் பெயரை எடுக்கவில்லை. 'பணத்துக்கு ஆசைப்பட்டேன்' என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்த காகிதத்தின் நகலைப் பல வருஷம் கழித்துத்தான் பார்த்தேன். இத்தனை காலமும் நீ உன் அப்பாவைக் குறைவாக நினைத்து வளர்ந்தாய். திருத்துவதற்கு எனக்கு ஒரு வாக்கியம் போதும். பதினைந்து வருஷமாக அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: பீரோ கேட்டது நான், பொய் என் யோசனை, ஒளிந்த திட்டமும் என்னுடையதுதான்.

நீ கடிதத்தில், 'நான் அப்பா மாதிரி இல்லை, எனக்கு அமைந்த சூழ்நிலை அப்படி' என்று எழுதியிருக்கிறாய். சரிதான், நீ அப்பா மாதிரி இல்லை. என் மாதிரி.

அந்த ஏழு மாதச் சீட்டுப் பணத்தையும் கோமதி கட்டினாள், அவள் பங்கோடு சேர்த்து மாதம் நூறு ரூபாய். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தாள், புடவைக்கு ஃபால்ஸ் தைத்தாள், அவள் கணவருக்குச் சொல்லவில்லை. ஏழாம் மாதம் அவருக்குத் தெரிந்தது. அடிக்கவில்லை, அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அலமாரிச் சாவியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு ரூபாய் எண்ணிக் கொடுப்பார், சாயங்காலம் கணக்குக் கேட்பார். பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவள் பஸ்ஸுக்குக் காசு கேட்டு நின்றாள். என்னால்தான் நின்றாள்.

அவளுக்கு நான் கடனைத் திருப்பிக் கொடுத்தேன். காலையில் மாவரைத்து விற்றேன், மத்தியானம் இரண்டு பிள்ளைகளுக்கு டியூஷன் சொன்னேன். முந்நூற்று ஐம்பது ரூபாய்க்கு இரண்டு வருஷம் ஆயிற்று. கடைசிப் பணத்தைக் கொண்டுபோனபோது அவள் கதவை முழுக்கத் திறக்கவில்லை. வாங்கிக்கொண்டு, "இனும வராதட்டி. அவ்வொளுக்குப் பிடிக்கல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அடுத்த வருஷம் அவர்களுக்கு நாக்பூருக்கு மாற்றல் ஆயிற்று. போகிற அன்று காலனியில் பாதிப்பேர் போய் நின்றார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பணத்தைக் கொடுத்துவிட்டேன் என்று என்னால் சொல்ல முடிகிறது. அவள் சாவியை யாரும் அவளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிறகு பார்வதி மாமியிடம் போய், என்னை மறுபடி சீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். பணத்துக்காக இல்லை. சீட்டில் இல்லாதவளை அந்தக் காலனியில் யாரும் ஆளாக மதிக்கவில்லை. மாமி சீட்டு நோட்டை மூடி வைத்தாள். "உன்னை வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா மத்தவா ஒத்துக்கணுமோன்னோ. உனக்குக் குலுக்கல் கிடையாது. இருபதாவது சீட்டு, கடைசிச் சீட்டுதான் உனக்கு. நடுவுல ஆஸ்பத்திரி, கல்யாணம்னு வந்து நிக்கப்படாது. சம்மதம்னா வா" என்றாள். கடைசிச் சீட்டு என்றால் புரிகிறதா? மற்ற பத்தொன்பது பேரும் வாங்கிப் போகிறவரை நான் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்கள் யாராவது ஏமாற்றினால் போவது என் பணம். என்னை நம்பாதவர்களை நான் நம்ப வேண்டும், அதுதான் தண்டனை. சம்மதித்தேன். ஒரு சுற்று இல்லை, நாலு சுற்று. ஏறக்குறைய ஏழு வருஷம். கெடு ஐந்தாம் தேதி என்றால் நான் ஒன்றாம் தேதி போய் நிற்பேன். உனக்கு டைபாய்டு வந்த மாதமும் ஒன்றாம் தேதிதான். உன் தாத்தா செத்த தந்தி வந்த மாதம், பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒருத்தியும் என்னைப் பாராட்டவில்லை. பாராட்ட என்ன இருக்கிறது? எல்லாரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன், ஆனால் என்னை மட்டும் எண்ணிப் பார்த்து வாங்கினார்கள். ஏஷியாட் முடிந்து இரண்டு வருஷத்தில் மாமிக்குக் கண் பார்வை மங்கிப் போய், சீட்டு நோட்டை என் மடியில் வைத்து, "இனிமே நீ எழுது" என்றாள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

நீ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன பிறகு எனக்கும் உன் அப்பாவுக்கும் நடுவில் ஆள் இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாள் அவர் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்தார். 'பால் டோக்கன் தீர்ந்தது', 'பிளம்பர் வருவான்'. நானும் பதில் எழுதினேன். பிறகு எழுதிச் சலித்துப்போய்ப் பேச ஆரம்பித்தோம். சமாதானம் ஆகவில்லை. கைதான் வலித்தது. மயூர் விஹார் ஃபிளாட்டுக்கு வந்து நாலு வருஷத்தில் நாங்கள் பேசியதெல்லாம் தண்ணீர், மின்சாரம், மருந்து. காசு விஷயத்தில் கெட்ட பெயரை ஏழு வருஷத்தில் துடைத்துவிடலாம், நானே துடைத்தேன். வீட்டுக்குள் கெட்டதற்கு அப்படி ஒரு கணக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் விஜயா விஷயத்தில் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். "ஆபரேஷன்னு நீ எழுதுனன்னு வச்சுக்க. அந்தப் புள்ள மறுநாளே ஆப்பிள் வாங்கிட்டுப் பாக்க வந்துரும். அப்ப போத்திப் படுத்துக்கிடுவியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்தது. பிறகு அவர், "கணேசன் சம்பளத்துல பிடிக்க ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டார். அதை நீ எழுதவே இல்லையே, சேகர். மூன்று தாள் எழுதியிருக்கிறாய். உன் மானம், உன் தூக்கம், விஜயாவின் பிடிவாதம், உன் சிநேகிதனின் துரோகம் எல்லாம் இருக்கிறது. கணேசன் வீட்டில் இந்த மாதம் என்ன சமைக்கிறார்கள் என்று ஒரு வரி இல்லை. அவன் பெண்டாட்டி இப்போது அவனை என்ன கேட்டுக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். கோமதி வீட்டுச் சுவருக்கு எதிர்ச் சுவரில் இருந்தவள் நான்.

விஜயா நீ கடன் வாங்கியதற்காக வந்துவிட்டாள் என்று நினைக்கிறாய். கடன் வாங்காத மனுஷன் யார்? அவள் அண்ணனிடம் நீ ஸ்கூட்டர் என்று சொன்னாய். அவளிடம் ஒன்றுமே சொல்லவில்லை. அண்ணன் முகத்தில் முழிக்க முடியாமல் அவள் அந்த வீட்டில் சாப்பிடுகிறாள். இப்போது உன் அம்மாவும் சேர்ந்து இன்னொரு பொய் சொன்னால், அவள் நம்பித் திரும்பி வருவாள். வந்து, என்றைக்காவது ஒரு நாள் தெரிந்துகொள்வாள். அப்போது அவளுக்கு நீயும் இல்லை, நானும் இல்லை.

ஆகையால் எழுதமாட்டேன். பணமும் அனுப்பமாட்டேன். என் சீட்டுப் பணம் ஐயாயிரம் வரும் ஆகஸ்டில் கைக்கு வரும், அதைக் கேட்பாய் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உன் மோட்டார் சைக்கிளை விற்றுக் கணேசனுக்குக் கட்டு. மிச்சத்துக்கு ஃபைனான்ஸ் கம்பெனிக்கு நீயே நேரில் போய், மாதம் எவ்வளவு முடியும் என்று சொல். முடிகிறதைவிடப் பத்து ரூபாய் குறைவாகச் சொல், சொன்னதைக் கெடுவுக்கு முன்னால் கட்டு. அழாதே, காரணம் சொல்லாதே. காரணம் சொல்கிறவனை யாரும் நம்புவதில்லை, நான் எத்தனையோ காரணம் சொல்லிப் பார்த்தவள்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைப்பாய். நினைத்துக்கொள். உன் கடிதத்தை அவளிடம் காட்டமாட்டேன், அந்த அளவுக்கு உன்னைக் காட்டிக்கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலை பஸ்ஸில் கரோல் பாக் போகப்போகிறேன். உன் அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். விஜயாவையும் கணேசனையும் உட்கார வைத்து, வீடியோ கடையிலிருந்து ஒன்று விடாமல் சொல்லிவிடுவேன். இந்தக் கடிதம் உனக்கு நாலு நாளில் வந்துவிடும். பம்பாயிலிருந்து டெல்லிக்கு ஒரு ராத்திரி ரயில். அதற்குள் நீ வந்து உன் வாயாலேயே சொல்லியிருந்தால், நாங்கள் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

உன் அம்மா